டம்டம் பாறை தாண்டாத பத்மினி

இதை மூன்று மாதத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். வண்டி ஓடட்டும், அப்புறம் எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். வண்டியும் ஓடியது, ஆனால் ஓடி ஓடி நின்றது, அந்தக் கோலத்தில் எதை எழுதுவது. போன வாரம்தான் காரணம் பிடிபட்டது, அதுவும் நாலாயிரம் ரூபாய்க்குத் தேவையே இல்லாத சாமான் வாங்கி மாட்டிய பிறகு.

வண்டி 1985 மாடல் பிரீமியர் பத்மினி. பெட்ரோல், 1089 சி.சி., ஸ்டியரிங் தண்டிலேயே கை கியர், மூன்றெழுத்து பழைய நம்பர். பெரியகுளம் பக்கம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வீட்டுக் கொட்டகையில் ஒன்பது வருடம் நின்றது. பின் சீட்டில் கோழி அடைகாத்திருக்கிறது, முட்டை ஓடு கிடந்தது. தரையில் துரு குறைவு, கதவு நான்கும் நேராக மூடின, அது போதும் என்று வாங்கிவிட்டேன். ஆர்.சி. புதுப்பிக்க அலைந்த கதை தனி, அதை விடுங்கள்.

பத்மினியே ஏன் என்றால், எனக்கு அந்த வண்டியை வெளியிலிருந்துதான் தெரியும். 1989இல் பிளஸ் டூ முடித்துவிட்டு வத்தலகுண்டு பக்கம் ஒரு பெட்ரோல் பங்க்கில் வேலைக்குச் சேர்ந்தேன், நாலு வருடம் இருந்தேன். கொடைக்கானல் ஏறுகிற வண்டியெல்லாம் மலைக்கு முன்னால் கடைசியாக நிற்கிற இடங்களில் ஒன்று. ஆயிரக்கணக்கான பத்மினிக்குப் பெட்ரோல் போட்டிருக்கிறேன், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன், கண்ணாடி துடைத்திருக்கிறேன், ஒன்றில்கூட உட்கார்ந்து போனதில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் ஞாயிறு டேங்க்கைத் திறந்தேன். வந்தது பெட்ரோல் வாசனை இல்லை, மர பீரோவுக்கு அடிக்கிற வார்னிஷ் வாசனை. பல வருடம் நின்ற பெட்ரோலில் லேசான பகுதியெல்லாம் ஆவியாகிவிடும், மிச்சம் பிசினாகப் படியும். நாலு லிட்டர் வடித்தேன், கருப்பட்டிக் காபி நிறம். டேங்க்கைக் கழற்றி உள்ளே ஒரு கைப்பிடி பழைய நட்டுகளும் கொஞ்சம் டீசலும் போட்டு, நானும் மருமகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அரை மணி நேரம் குலுக்கினோம். துரு சேறாக வந்தது. மூன்று முறை கழுவிய பிறகு வெயிலில் காட்டிப் பார்த்தால் அடியில் ஊசிமுனை அளவு ஒரு ஓட்டை.

இங்கே ஒரு எச்சரிக்கை. தெருமுனை வெல்டிங் பட்டறைக்காரர் "கொண்டாங்கண்ணே, ரெண்டு நிமிஷம்" என்றார். கொடுக்கவில்லை. பங்க்கில் சேர்ந்த முதல் வாரம் மேனேஜர் எனக்குச் சொன்னதே இதுதான்: நிறைந்த பீப்பாயைவிடக் காலிப் பீப்பாய்க்குத்தான் பயப்படணும், எரிவது பெட்ரோல் இல்லை, காற்றோடு கலந்த அதன் ஆவி. ரேடியேட்டர் கடைக்கு எடுத்துப்போனேன். அந்தப் பாய் டேங்க்கைக் கவிழ்த்து, உள்ளே ஓட்டை வரைக்கும் தண்ணீரை நிரப்பிவிட்டு, ஈயம் வைத்து அடைத்துக் கொடுத்தார். இதுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அடுத்து ஹோஸ். பழைய ரப்பர் ஹோஸை மடக்கினால் பப்படம் மாதிரி நொறுங்கியது. இப்போது பங்க்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், இந்த வண்டி செய்த காலத்து ரப்பருக்கு எத்தனால் ஆகாது, ஊதிப்போகும் அல்லது உள்ளே உரிந்து தூளாக வந்து ஜெட்டை, அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் பாய்கிற சின்னத் துளையை, அடைக்கும். எத்தனால் தண்ணீரையும் இழுக்கும், அதனால் மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கிற வண்டிக்கு இரட்டைத் தொல்லை. எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று முத்திரை போட்ட ஹோஸ் கேட்டு வாங்குங்கள், கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார், ஒன்று இல்லை. பெட்ரோல் பம்ப்புக்குப் புது டயாஃப்ரம் போட்டேன். இந்தப் பம்ப்பில் கையால் அடிக்கிற ஒரு சின்ன நெம்பு உண்டு, ஸ்டார்ட்டரைச் சுற்றி பேட்டரியை வீணாக்காமல் அதை நாலு தட்டுத் தட்டினால் கார்புரேட்டர் வரைக்கும் பெட்ரோல் வந்துவிடும். எனக்கு இந்த வண்டியில் மிகவும் பிடித்த பொருள் அதுதான்.

சோலெக்ஸ் கார்புரேட்டரைச் சாப்பாட்டு மேசையில் பிரித்தேன், வீட்டில் அதற்கு வாங்கிய திட்டு தனி. ஜெட்டில் கம்பி விடாதீர்கள், பித்தளை, ஓட்டை பெரிதாகிவிடும். ஊறப்போட்டு காற்றடித்தாலே போதும். உள்ளே பெட்ரோலில் மிதக்கிற ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டினேன், உள்ளே தளும்பும் சத்தம் இல்லை, நல்லது. தீப்பொறிக்காக மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டுகிற பாயின்ட்டைத் தேய்த்து இடைவெளி 0.45 மி.மீ. வைத்தேன், புது கன்டன்சர், நாலு பிளக். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரிகிற வரிசை, 1-3-4-2. மூன்றாவது ஞாயிறு சாயந்திரம் பம்ப்பை நாலு தட்டு, சோக்கை இழுத்து ஸ்டார்ட்டர், ரெண்டு இருமல், பிடித்துக்கொண்டது. தெருவே கொசுமருந்து அடித்த மாதிரி புகை. மருமகன் கை தட்டினான்.

பெட்ரோல் டேங்க் மூடிக்கு வாஷர் போய்விட்டிருந்தது, மூடியும் துரு. பழைய மூடியைத் தேடி அலைவானேன் என்று பூட்டு வைத்த புது மூடி ஒன்று வாங்கி மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை.

முதல் நெடும் ஓட்டம் நத்தம் ரோட்டில். மதுரையை விட்டுப் பதினாலாவது கிலோமீட்டரில் வண்டி ஒரு தும்மல், இன்னொரு தும்மல், அப்படியே சோர்ந்து ஓரத்தில் நின்றது. பானெட்டைத் திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிற மாதிரிதான் இருந்தது. இருபது நிமிடம் புளியமரத்தடியில் நின்றுவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஒன்றும் தெரியாதது போல ஓடியது.

சூட்டில் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்றால் யாருக்கும் முதலில் தோன்றுவது பிளக்குக்கு மின்சாரம் ஏற்றித் தருகிற காயில். மாற்றினேன். நின்றது. கன்டன்சர் புதுசே பழுதாக வருவதுண்டு என்றார்கள், அதையும் மாற்றினேன். நின்றது. என் மெக்கானிக் நல்ல மனிதர், அனுபவசாலி, "வேப்பர் லாக்குண்ணே, எலக்ட்ரிக் பம்ப் போட்டுருவோம்" என்றார்.

வேப்பர் லாக் எனக்குத் தெரியாததா. பங்க்கில் ஏப்ரல், மே மாதம் முழுக்க அதுதான். கீழே வெயில், மேலே ஏற்றம், இன்ஜின் சூட்டில் பம்ப்பிலேயே பெட்ரோல் ஆவியாகிக் குழாயில் காற்றுக்குமிழ் மாதிரி நின்றுகொள்ளும். சீசனில் காலை ஆறு மணிக்கே வரிசை தொடங்கிவிடும், அம்பாசடர், பத்மினி, மஹிந்திரா ஜீப், அபூர்வமாக ஒரு கான்டெசா. வண்டலூர் பக்கத்து ஃபாக்டரியில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்று திண்டுக்கல்லிலிருந்து வரும், அதன் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும், முதலை வாயைத் திறந்த மாதிரி. வேலை இல்லாதபோது அதைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்போம். வண்டி நின்றதும் ஒரு ஆள் நாசிலை எடுப்பான், ஒரு ஆள் தண்ணீர் கேனோடு முன்னால் போவான், நான் சின்னவன் என்பதால் ஈரத் தினத்தந்தியால் கண்ணாடி துடைப்பேன், பத்துப் பைசா, நாலணா கிடைக்கும். கொதிக்கிற ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கக் கூடாது, சாக்கைப் போட்டுப் பாதி திருகிவிட்டு, ஆவி போகவிட்டு, இன்ஜின் ஓடும்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். அவசரப்பட்டுக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும். மலைக்குப் போகிற டிரைவர்கள் பெட்ரோல் பம்ப்பைச் சுற்றி ஈரத்துணி கட்டிக்கொள்வார்கள். நாங்களே பழைய வேட்டிக் கிழிசல் வைத்திருப்போம். மாருதி 800 கூட்டம் கூடக்கூட தண்ணீர் கேட்கிற வண்டி குறைந்தது, எங்கள் நாலணாவும் குறைந்தது.

கரன்ட் போனால் பம்ப் மெஷினில் கைப்பிடியைச் சொருகிச் சுற்ற வேண்டும், இருபது லிட்டர் போட்டால் தோள்பட்டை கழன்றுவிடும். சேட்டக் ஸ்கூட்டருக்கு முதலில் ஆயில், லிட்டருக்கு 20 மில்லி, அப்புறம் பெட்ரோல், அப்போதுதான் கலக்கும், அதற்குமேல் நாமும் ரெண்டு ஆட்டு ஆட்டுவோம். காலையில் நிலத்தடி டேங்க்கில் குச்சி விடும்போது நுனியில் ஒரு பசை தடவி விடுவோம், அடியில் தண்ணீர் இருந்தால் பசை நிறம் மாறிக் காட்டிவிடும். அமெரிக்காவில் வண்டிக்காரரே இறங்கிப் பெட்ரோல் போட்டுக்கொள்வது எப்போதோ வழக்கமாகிவிட்டது, அதற்கு இன்னும் தடை போட்டிருக்கிற ஒரே மாநிலம் நியூ ஜெர்சி, 1949இல் போட்ட சட்டம். என் அக்கா மகன் அங்கே இருக்கிறான், ஊரில் இருக்கிற மாதிரியே இருக்குது மாமா என்று சிரித்தான்.

இவ்வளவு தெரிந்தவன் என்ன செய்தேன் என்றால், ஈரத்துணி கட்டினேன். நின்ற இடத்தில் துணியை நனைத்துக் கட்டினால் வண்டி கிளம்பியது. ஆகா, வேப்பர் லாக்தான் என்று முடிவுக்கு வந்து, மெக்கானிக் சொன்னபடி எலக்ட்ரிக் பம்ப்பும் வாங்கி மாட்டினேன். நெம்பு வைத்த என் செல்லப் பம்ப் டிக்கியில் போய்ப் படுத்தது. அப்புறமும் நின்றது.

அன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். எத்தனை கிலோமீட்டரில் நின்றது, வெயிலா, டேங்க்கில் எவ்வளவு இருந்தது. (கேஜ் வேலை செய்யவில்லை, எப்போதும் பாதி காட்டும். மூங்கில் குச்சியில் கோடு போட்டு வைத்திருக்கிறேன், பங்க் பழக்கம்.) ஆறு ஓட்டம் எழுதியதும் ஒன்று உறுத்தியது. டேங்க் கால் அளவு இருந்த அன்று நாற்பது கிலோமீட்டர் ஓடியும் நிற்கவே இல்லை. பாதி இருந்தபோது முப்பதை ஒட்டி நின்றது. முழுக்க நிரப்பிக்கொண்டு போன ரெண்டு முறையும் பதினைந்தைத் தாண்டவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு, குளிரில் போனபோதும் அதே பதினாலு. வேப்பர் லாக் விடியற்காலை ஐந்து மணிக்கா வரும்?

அப்போதும் எனக்குப் புரியவில்லை. புதுசாகப் போடுகிற பெட்ரோல்தான் மோசம், அதனால்தான் நிரப்பிய அன்று நிற்கிறது என்று நினைத்தேன். வழக்கமாகப் போடுகிற பங்க்கில் போய் ஃபில்டர் பேப்பர் கேட்டேன், அது நம் உரிமை, கேட்டால் கொடுக்க வேண்டும். நாசில் நுனியைத் துடைத்து ஒரு சொட்டு விட்டால் ரெண்டு நிமிடத்தில் கறை இல்லாமல் காய்ந்துவிட வேண்டும். காய்ந்தது. டென்சிட்டியும் அன்றைய பதிவோடு ஒத்துப்போனது. அந்தப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான், அவன் மேல் தப்பில்லை.

போன வாரம் துணிந்து கொடைக்கானல் கிளம்பினேன். மதுரையில் டேங்க் முக்கால். நிலக்கோட்டை வருவதற்குள் ஒருமுறை நின்றது, இருபது நிமிடம், கிளம்பியது. வத்தலகுண்டு தாண்டும்போது மறுபடி தும்ம ஆரம்பித்தது, தும்மிக்கொண்டே ஒரு பங்க்கில் திருப்பிவிட்டேன். நான் வேலை பார்த்த பங்க் இல்லை, அது இப்போது கல்யாண மண்டபம். ஒரு பையன் வந்தான், இருபது வயது இருக்கும்.

"பெட்ரோலா டீசலா அங்கிள்?"

கேள்வியில் நியாயம் உண்டு, கடைசிக் காலத்தில் 137டி என்று டீசல் பத்மினியும் வந்தது. பெட்ரோல் என்று சொல்லி சாவியைக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல பானெட்டைத் திறக்க இறங்கினேன். பின்னால் அவன் மூடியைத் திருகினான்.

ஸ்ஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம். அதன் முடிவில் டேங்க்கிலிருந்து "டொப்" என்று, காலித் தகர டின்னை அமுக்கிவிட்டு விட்டால் வருகிற சத்தம்.

நான் அப்படியே நின்றேன். இந்தச் சத்தத்தை நான் முன்பு கேட்டிருக்கிறேன்.

1990, வைகாசி முகூர்த்தம். தேனிப் பக்கமிருந்து வந்த ஒரு கல்யாண அம்பாசடர், ஒன்பது பேர், எங்கள் பங்க் வாசலில் நின்றுவிட்டது. பானெட்டைச் சுற்றிக் கூட்டம், ஆளுக்கொரு யோசனை, மாப்பிள்ளையின் மாமா காயிலைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டார். எங்கள் பங்க்கில் பெரியவர் ஒருவர் இருந்தார், நாசில் பிடிக்கிறதைத் தவிர வேறு வேலை பார்த்ததில்லை, வண்டி ஓட்டத் தெரியாது. அவர் கூட்டத்துப் பக்கமே போகவில்லை. நேராகப் பின்னால் போய் டேங்க் மூடியைத் திருகினார். ஸ்ஸ்ஸ், டொப். மூடிக்கு அடியில் பாலிதீன் காகிதத்தை நாலாக மடித்துச் சொருகியிருந்தார் டிரைவர், வாஷர் தொலைந்துபோயிருக்கிறது. பெரியவர் அதை உருவிக் காட்டிச் சொன்னார்: "வண்டிக்கு மூச்சு முட்டுதுப்பா. உறிஞ்சுனா உள்ள காத்து போக வேணாமா?" அவருக்கு ரெண்டு லட்டு கிடைத்தது, ஒன்றை எனக்குக் கொடுத்தார்.

டேங்க்கிலிருந்து பெட்ரோல் போகப்போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். என் வண்டியில் அதற்கு வழி மூடியில் இருக்கிற சின்ன ஓட்டைதான். நான் வாங்கிய பூட்டு மூடியில் அந்த ஓட்டை இல்லை, நல்ல தடித்த ரப்பர் வேறு. பம்ப் உறிஞ்ச உறிஞ்ச உள்ளே வெற்றிடம் இறுகி, ஒரு கட்டத்தில் பம்ப்பால் இழுக்க முடியாமல் போகிறது. நின்ற பிறகு ரப்பர் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று நுழைகிறது, இருபது நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. துணி நனைக்கத் தண்ணீர் தேடிப் போய்வந்த நேரம்தான் வண்டியைக் கிளப்பியது, துணி இல்லை. முழு டேங்க்கில் சீக்கிரம் நின்றதற்கும் அதுவே காரணம்: மேலே காற்று இருக்கிற இடம் கொஞ்சம்தான், ஒரு லிட்டர் குறைந்தாலே இழுப்பு அதிகமாகிவிடும். கால் டேங்க் என்றால் மேலே நிறையக் காற்று, ரெண்டு மூன்று லிட்டர் போனாலும் அது தாங்கும். நோட்டில் என் கையெழுத்திலேயே எல்லாம் இருந்தது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போது திறந்தால் சத்தம் வராது, ராத்திரி முழுக்கக் காற்று உள்ளே போயிருக்கும். பெட்ரோல் போடும்போதெல்லாம் நான் சாவியைக் கொடுத்துவிட்டு சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பையன் "ஜீரோ பாத்துக்கங்க அங்கிள்" என்றான். ஐந்நூறுக்குப் போடச் சொன்னேன். மூடியை முழுக்கத் திருகாமல் வைத்து, மேலே ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு மலை ஏறினேன், வாசனை அடித்தது, வளைவுகளில் கொஞ்சம் சிந்தியிருக்கும், யாரும் இப்படிச் செய்யாதீர்கள். காட்ரோடு பிரிவு, முதல் வளைவுகள், டம்டம் பாறை. நிற்கவில்லை. நானாகத்தான் நிறுத்தினேன், எதிரே எலிவால் அருவி நூல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மூடியைப் பிரித்து, உள்தட்டில் ஒன்றரை மி.மீ. ஓட்டை போட்டேன். மூடியைத் தனியாகக் கழற்றி, மொட்டை மாடிக்கு எடுத்துப்போய், கை டிரில்லில். ஓட்டை நேராக மேலே வராமல் பூட்டுக்கு ஓரமாக வைத்தால் மழைத் தண்ணீரும் இறங்காது, பெட்ரோலும் அலம்பி வராது. செலவு பூஜ்யம். எலக்ட்ரிக் பம்ப்பைக் கழற்றிவிட்டு பழைய பம்ப்பை மறுபடி மாட்டினேன். மெக்கானிக்கிடம் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த எலக்ட்ரிக் பம்ப்பை என்ன விலைக்குக் கொடுப்பீங்க என்று கேட்டார்.

நேற்று முழு டேங்க்கோடு நத்தம் போய் வந்தேன். திரும்பும் வழியில் பங்க்கில் நானே இறங்கி மூடியைத் திறந்து காதை வைத்தேன். சத்தம் இல்லை. அடுத்தது வைப்பர் மோட்டார், இடது பக்கக் கண்ணாடி இறங்குவதில்லை, கேஜ் இன்னும் பாதிதான் காட்டுகிறது.